வெண்ணெய் கடையும் வகுப்பறை

சிறுவர் நூல்களில் விருப்பமும் பழங்காலச் சமையலில் ஈடுபாடும் ஒருங்கே வாய்த்த ஆசிரியரிடம், வரலாற்றுப் பாடத்துக்கு மிகவும் உதவக்கூடிய ஒரு வழி இருக்கிறது. கதைமாந்தர் உண்ணும் பண்டத்தை, அந்தக் காலத்துப் பொருள்களையும் கருவிகளையும் முறைகளையும் இயன்றவரை பின்பற்றி மறுபடியும் செய்துபார்ப்பதை வரலாற்றுச் சமையல் என்பர். பாடம் முடிந்தபின் பிள்ளைகளை மகிழ்விக்கும் விருந்தாக இதைக் கருதும் ஆசிரியர்களும் உண்டு. ஆனால் நூலில் எழுதியிருப்பதைச் சோதித்துப் பார்க்கும் வாசிப்பு முறையாகக் கையாளும்போதுதான் இதன் முழுப் பயனும் கிடைக்கிறது. ஒரு பண்டத்தைத் தம் கையால் செய்துபார்க்கும் மாணவர், அதற்கு எவ்வளவு உழைப்புத் தேவைப்பட்டது, எந்தப் பருவத்தில் அது இயன்றது, அதைச் செய்யும் அறிவு யாரிடமிருந்து வந்தது என்று கேட்கத் தொடங்குகிறார். வரலாற்று ஆய்வு தொடங்குவதும் இத்தகைய கேள்விகளில்தான்.

அடுப்பை வகுப்பறைக்குள் கொண்டுவரும் எண்ணம் புதிதன்று. அமெரிக்க மெய்யியலாளர் ஜான் டூயி 1896-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்வுப் பள்ளியில், தச்சு, நெசவு ஆகியவற்றோடு சமையலும் பாடத்திட்டத்தின் நடுவே இடம்பெற்றது. 1899-இல் வெளிவந்த ‘பள்ளியும் சமுதாயமும்’ என்ற நூலில் அவர் முட்டை வேகவைக்கும் பாடம் ஒன்றை விவரிக்கிறார். நீர் நன்றாகச் சூடேறியிருக்கும்போதும், கொதிக்கும் தறுவாயிலும், கொதித்த பின்னும் வெண்கரு எப்படியெல்லாம் இறுகுகிறது என்பதைப் பிள்ளைகள் தாங்களே சோதித்து அறிந்தார்கள். செய்முறைக் குறிப்பை அப்படியே பின்பற்றினால் பண்டம் கிடைத்துவிடும், ஆனால் காரணம் பிடிபடாது என்பதே அவர் கருத்தின் சாரம். அதே நூலில் பருத்தி பற்றிய இன்னொரு பாடமும் வருகிறது. கொட்டையிலிருந்து பஞ்சைக் கையால் பிரிக்க முயன்ற பிள்ளைகளுக்கு அரைமணி நேர உழைப்பின் முடிவில் ஓர் அவுன்சு பஞ்சுகூட, அதாவது ஏறத்தாழ 28 கிராம்கூடத் தேறவில்லை. ஈலை விட்னியின் பஞ்சு பிரிக்கும் எந்திரம் ஏன் அவ்வளவு பெரிய மாற்றத்தை உண்டாக்கிற்று என்பதை அந்தப் பிள்ளைகளுக்கு அதன்பின் எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கைவேலை வரலாற்றுக்குத் தரும் இந்தத் தெளிவைத்தான் பழங்காலச் சமையலும் தருகிறது. சிறுவர் நூல் அதற்கு ஒரு குடும்பத்தையும் ஒரு வீட்டையும் சேர்த்துத் தருகிறது.

லாரா இங்கல்ஸ் வைல்டரின் நூல்கள்

சிறுவர் நூலும் சமையலறையும் இயல்பாகச் சந்திக்கும் இடங்களுள் முதன்மையானது, லாரா இங்கல்ஸ் வைல்டரின் ‘லிட்டில் ஹவுஸ்’ நூல்வரிசை. 1867-இல் விஸ்கான்சின் மாநிலத்துப் பெபின் என்னும் ஊருக்கு அருகே பிறந்த வைல்டர், கான்சஸ், மினசோட்டா, தகோட்டா எனப் பெற்றோருடன் இடம்பெயர்ந்து வளர்ந்தவர். திருமணத்துக்கு முன் தகோட்டாவில் சில காலம் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். ‘லிட்டில் ஹவுஸ் இன் த பிக் வுட்ஸ்’ என்ற முதல் நூல் 1932-இல், அவருடைய 65-ஆம் வயதில் வெளிவந்தது; 1943-க்குள் எட்டு நூல்கள் வந்துவிட்டன. பன்றியை அறுத்து உப்பிடுவது, உள்ளீடற்ற மரத்தண்டில் புகைமூட்டி இறைச்சியைப் பதப்படுத்துவது, கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருளால் பாலாடைக்கட்டி செய்வது என்று, ஒரு குடும்பம் ஓராண்டுக்கான உணவைச் சேர்த்துவைக்கும் வேலைகள் அனைத்தும் முதல் நூலில் வரிசையாக விவரிக்கப்படுகின்றன. கதையில் பெரிய நிகழ்ச்சிகள் குறைவு. உணவு தேடலும் உணவு காத்தலுமே கதையை நகர்த்துகின்றன.

இந்த நூல்களில் வரும் பண்டங்களை ஒவ்வொன்றாகச் செய்துபார்த்து, நூற்றுக்கு மேற்பட்ட செய்முறைகளுடன் ‘த லிட்டில் ஹவுஸ் குக்புக்’ என்ற நூலை 1979-இல் வெளியிட்டவர் பார்பரா வாக்கர். சமையல் நூல்களில் வழக்கமாகக் காணும் காலை உணவு, இரவு உணவு, இனிப்பு என்ற பகுப்பை விட்டுவிட்டு, காட்டிலும் நீர்நிலையிலும் கிடைத்தவை, உழுத நிலத்தில் விளைந்தவை, தோட்டத்தில் காய்த்தவை, தொழுவம் தந்தவை, ஊர்க்கடையில் வாங்கியவை என உணவின் பிறப்பிடத்தை வைத்தே அவர் இயல்களை அமைத்தார். ஒரு குடும்பம் தானே விளைவித்தது எவ்வளவு, காசு கொடுத்து வாங்கியது எவ்வளவு என்பதை அந்த அமைப்பே சொல்லிவிடுகிறது. நியூயார்க் மாநிலத்து வளமான பண்ணை ஒன்றில் வளரும் அல்மான்சோ என்ற சிறுவனைப் பற்றிய ‘ஃபார்மர் பாய்’ நூலில் பக்கத்துக்குப் பக்கம் உணவு நிறைந்திருப்பதற்கு வாக்கர் தரும் விளக்கம் ஆழமானது. அல்மான்சோ, வைல்டரின் கணவராக அமைந்தவர். அவருடைய இளமையைப் பற்றிய அந்த நூல், பசியோடு வளர்ந்த ஒரு சிறுமியின் ஏக்கக் கனவுமாகும் என்பது வாக்கரின் கருத்து. இலக்கியத் திறனாய்வாளர் பலர் கவனியாத ஒன்றை, அடுப்படியில் நின்று அந்த நூலைப் படித்தவர் கண்டுகொண்டார்.

கேரட் துருவலும் குளிர்கால வெண்ணெயும்

முதல் நூலில் வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வேலை குறிக்கப்பட்டிருக்கிறது. திங்கள் துணி துவைக்கும் நாள், வியாழன் வெண்ணெய் கடையும் நாள், சனி ரொட்டி சுடும் நாள். குளிர்காலத்து வெண்ணெய் வெளிறியிருக்கும் என்பதால், லாராவின் தாய் ஆணியால் துளையிட்ட தகரத்தில் ஒரு கேரட்டைத் துருவி, பாலில் இட்டுச் சூடாக்கி, துணியில் வடித்து, மஞ்சளேறிய அந்தப் பாலைக் கடையும் சாடியில் ஊற்றுகிறார். பிழிந்த துருவல் லாராவுக்கும் அவள் அக்கா மேரிக்கும் கிடைக்கிறது. வயதில் மூத்தவளுக்கா இளையவளுக்கா அதிகம் என்று இருவருக்கும் வழக்கு எழ, தாய் அதைச் சரிசமமாகப் பங்கிடச் சொல்கிறார்.

வகுப்பறையில் இதைச் செய்துபார்ப்பது கடினமன்று. இறுக்கமான மூடியுள்ள கண்ணாடிச் சாடியில் பாதியளவு கொழுப்பு மிகுந்த பாலேட்டை ஊற்றி, மாணவர்கள் மாறிமாறிக் குலுக்கினால், முதலில் அது நுரைத்துக் கெட்டியாகும். சாடிக்குள் ஏதும் அசையாததுபோல் சற்றுநேரம் தோன்றும். பிறகு திடீரென ஓசை மாறி, மஞ்சள் திரள்கள் ஒருபுறமும் மோர் மறுபுறமுமாகப் பிரியும். பாலில் உள்ள கொழுப்பு மிகச் சிறிய உருண்டைகளாக, ஒவ்வொன்றும் மெல்லிய சவ்வுறையால் மூடப்பட்டு மிதக்கிறது. கடையும்போது அந்த உறைகள் சிதைய, கொழுப்பு ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கிறது. ஏடு மிகக் குளிர்ந்திருந்தால் கொழுப்பு இறுகி ஒட்டாது, மிகச் சூடாக இருந்தால் இளகித் திரளாது. ஏறத்தாழ 15 டிகிரி செல்சியசில் நன்கு திரளும். வெப்பமானி இல்லாத ஒரு வீட்டில் இந்த அளவு கைப்பழக்கத்தால் மட்டுமே அறியப்பட்டது. திரண்டதைக் குளிர்ந்த நீரில் மோர் போகும்வரை பிசைந்து கழுவி உப்பிட வேண்டும். மோர் எஞ்சினால் வெண்ணெய் விரைவில் கெட்டுவிடும்.

கேரட்டை ஏன் சேர்த்தார்கள் என்ற கேள்வி மாணவரைத் தொழுவத்துக்கு அழைத்துச் செல்கிறது. பசும்புல்லில் மிகுந்திருக்கும் கரோட்டின் என்ற மஞ்சள் நிறமி, பசு மேயும்போது பாற்கொழுப்பில் சேர்கிறது. அதே நிறமி கேரட்டிலும் உண்டு. குளிர்காலத்தில் பசு தின்னும் உலர்ந்த வைக்கோலில் அது குறைந்துவிடுவதால் வெண்ணெயும் நிறம் மங்குகிறது. ஆகவே கேரட் சேர்த்தது, அந்தக் காலத்து உணவு பருவத்தை எவ்வளவு நெருக்கமாகச் சார்ந்திருந்தது என்பதற்கும், நாட்டுப்புறத்து ஏழை வீடுகளிலும் உணவின் தோற்றத்தில் அக்கறை இருந்தது என்பதற்கும் சான்றாகிறது. இங்கே ஆசிரியர் ஒரு வேறுபாட்டையும் எடுத்துச்சொல்ல வேண்டும். இன்று கடையில் வாங்கும் ஏடு கிருமிநீக்கம் செய்யப்பட்டது, புளிப்பற்றது. அன்றைய வீடுகளிலோ பல நாள் சேர்த்த ஏடு இயல்பாகவே சற்றுப் புளித்திருந்தது. சாடியில் கிடைக்கும் வெண்ணெய் பழைய வெண்ணெய்க்கு அண்மையானது மட்டுமே என்பதை மாணவர் உணர்வதும் வரலாற்றுப் பயிற்சியின் ஒரு பகுதி.

கையரைவையில் அரைத்த கோதுமை

1940-இல் வந்த ‘த லாங் வின்டர்’ நூல், தகோட்டாவின் டி ஸ்மெட் ஊர் 1880 அக்டோபர் முதல் 1881 வசந்தம் வரை பனிப்புயல்களில் சிக்கிய கதையைச் சொல்கிறது. பனி இருப்புப்பாதையை மூடிவிட, இரயில்கள் நின்றுபோயின. இரயிலை நம்பி உருவான ஊரில் மாவு, சர்க்கரை, நிலக்கரி, மண்ணெண்ணெய் எல்லாம் ஒவ்வொன்றாகத் தீர்ந்தன. இங்கல்ஸ் குடும்பம் வைக்கோலை இறுக முறுக்கி எரித்துக் குளிர் காய்ந்தது. கோதுமை மணிகளைக் காப்பிக்கொட்டை அரைக்கும் சிறு கையரைவையில் இட்டு, நாள்தோறும் ஒருவர் மாற்றி ஒருவராக அரைத்து ரொட்டி சுட்டது. ஈஸ்டும் மோரும் இல்லாத அந்த வீட்டில் மாவைப் புளிக்கவைத்தது புளிமாவு. மாவையும் வெதுவெதுப்பான நீரையும் கலந்து சாடியில் சில நாள் விட்டால், மாவிலேயே உள்ள இயற்கை ஈஸ்டும் புளிப்பு நுண்ணுயிர்களும் பெருகும். ஒவ்வொரு முறையும் எடுத்ததுபோகச் சிறிது மிச்சம் வைத்து அதில் மறுபடி மாவும் நீரும் சேர்ப்பார்கள், நம் வீடுகளில் நேற்றைய தயிரிலிருந்து இன்றைக்கு உறைமோர் எடுத்துவைப்பதைப் போல. சுடுமுன் சேர்க்கும் சமையல் சோடா புளிப்பைத் தணிப்பதோடு கரியமில வாயுவை வெளிவிட்டு மாவை உப்பவும் செய்கிறது.

ஒரு ரொட்டிக்கு ஏறத்தாழ அரைக் கிலோ மாவு வேண்டும். காப்பி அரைவையோ ஒரு தடவைக்கு ஒரு கைப்பிடி கோதுமையைத்தான் ஏற்கும். அரைக்கும் பொறுப்பை வகுப்பிடம் ஒப்படைத்தால், கை ஓய்ந்த பிறகு மாணவர் நூலின் அந்தப் பகுதியைத் திரும்ப வாசிக்கும் விதமே மாறிவிடும். ஆறு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒரு நாள் ரொட்டிக்கான மாவைத் திரட்ட ஒரு நாள் பொழுதே கழிந்தது என்றால், பள்ளிக்கும் விளையாட்டுக்கும் எஞ்சிய நேரம் எவ்வளவு என்ற கணக்கை அவர்களே போட்டுவிடுவார்கள்.

எனினும் சமையலால் தர முடியாத ஒன்று உண்டு. சலிக்காத முழுக்கோதுமையில் சுட்ட அந்த ரொட்டி, நன்றாக உண்டு வந்த பிள்ளைகளுக்குச் சுவையாகவே இருக்கும். பல மாதம் அதையன்றி வேறெதுவும் இல்லாத ஒருவரின் சோர்வை ஒரு பிற்பகலில் உண்டாக்க முடியாது, உண்டாக்க முயல்வதும் தகாது. அந்தச் சோர்வை நூல்தான் சொல்ல வேண்டும். உழைப்பின் அளவை அடுப்பும் பசியின் பொருளைக் கதையும் கற்பிக்கின்றன. ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எடுத்துக்கொள்ளும் பாடம் குறைபட்டது.

நூலே முழு உண்மையையும் சொல்லிவிடுகிறது என்றும் கொள்ளக் கூடாது. வைல்டர் 1930-இல் எழுதிய தன்வரலாற்றுக் கைப்பிரதி, ‘பயனியர் கேர்ள்’ என்ற தலைப்பில் விரிவான குறிப்புகளுடன் 2014-இல் அச்சேறியது. அந்தக் கடுங்குளிர்காலத்தில் இங்கல்ஸ் வீட்டில் வேறோர் இளந்தம்பதியும் குழந்தையும் தங்கியிருந்த செய்தி அதில் உண்டு. புதினத்திலோ அவர்கள் இல்லை. ரொட்டியைப் பங்கிட்டவர்களின் எண்ணிக்கையே புதினத்தில் மாறியிருக்கிறது என்பதை அறியும் மாணவர், நினைவு எப்படிக் கதையாகிறது என்பதைக் கற்றுக்கொள்கிறார்.

சாம்பல் நீரும் மேப்பிள் மரமும்

செய்துபார்க்கும் வாசிப்பு எழுப்பும் கேள்விகளுள் மிக முக்கியமானது, அறிவின் உரிமை பற்றியது. லாராவின் தாய் மக்காச்சோளத்தின் தோலை நீக்கும் முறை முதல் நூலில் வருகிறது: தூய மரச்சாம்பலை ஒரு துணிப்பையில் கட்டிச் சோளத்தோடு இரும்புக் கொப்பரையில் கொதிக்கவைக்க, மணிகள் உப்பித் தோல் கழல்கிறது, பிறகு நீரை மாற்றிமாற்றித் தேய்த்துக் கழுவி, பாலூற்றி உண்கிறார்கள். சாம்பலின் காரத்தன்மை தோலைக் கரைப்பதோடு நிற்பதில்லை. சோளத்தில் உடலால் ஏற்க முடியாதபடி கட்டுண்டிருக்கும் நியாசின் என்ற உயிர்ச்சத்தையும் அது விடுவிக்கிறது. இந்த முறையை உருவாக்கியவர்கள் அமெரிக்கப் பழங்குடி மக்கள். சோளத்தை எடுத்துக்கொண்டு இந்த அறிவை விட்டுவிட்ட இடங்களில், வட இத்தாலியிலும் பின்னர் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும், பெலாக்ரா என்ற கொடிய குறைபாட்டு நோய் ஏழைகளிடையே பரவியது. வைல்டரின் நூல் இந்த அறிவின் ஊற்றைச் சொல்லவில்லை. அந்தக் கொப்பரையோ யாரிடம் கற்றது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

மேப்பிள் சர்க்கரையின் வரலாறும் இத்தகையதே. இரவில் உறைபனியும் பகலில் இளஞ்சூடும் மாறிவரும் வசந்தத் தொடக்கத்தில் மேப்பிள் மரத்திலிருந்து வடியும் சாறு, ஏறத்தாழ 40 லிட்டரைக் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகைத் தரும். மேலும் காய்ச்சிக் கிளறினால் மணல்போன்ற சர்க்கரையாகும். வைல்டரின் நூலில் இது தாத்தாவின் வீட்டில் சுற்றமெல்லாம் கூடும் நடன விழாவாக வருகிறது. அந்த வட்டாரத்தில் குடியேறியவர்கள் வருவதற்கு முன்பே மேப்பிள் சாற்றை இறக்கிக் காய்ச்சியவர்கள் ஒஜிப்வே முதலிய பழங்குடியினர்.

இதனால்தான் வைல்டரின் நூலோடு லூயீஸ் எர்ட்ரிக்கின் ‘த பர்ச்பார்க் ஹவுஸ்’ நூலையும் சேர்த்துப் படிக்கவைக்கும் ஆசிரியர் பாராட்டுக்குரியவர். ஒஜிப்வே மரபில் வந்த எர்ட்ரிக் 1999-இல் வெளியிட்ட இந்த நூல், சுப்பீரியர் ஏரியின் தீவு ஒன்றில் 1847-இல் வாழ்ந்த ஓமகாயஸ் என்ற ஏழு வயதுச் சிறுமியின் ஓராண்டைப் பருவம் பருவமாகச் சொல்கிறது. வைல்டரின் முதல் நூலைப் போலவே இங்கும் ஒரு சிறுமி, ஒரு வீடு, ஓராண்டு உணவு. ஆனால் இங்கே நிலம் வேறு கண்ணால் பார்க்கப்படுகிறது, குளிர்காலத்தில் பெரியம்மை வந்து குடும்பத்தைச் சிதைக்கிறது. ஒஜிப்வே மக்கள் மனூமின் என அழைக்கும் நீர்த் தானியம், ஆங்கிலத்தில் காட்டரிசி எனப்படுவது, அவர்களுடைய வாழ்வின் நடுவில் இருக்கிறது. ஒருவர் தோணியைச் செலுத்த, இன்னொருவர் ஒரு கோலால் தாள்களை வளைத்து மறு கோலால் மெல்லத் தட்டித் தோணிக்குள் உதிர்ப்பார். உதிர்ந்த மணிகளை உலர்த்தி, கொப்பரையில் வறுத்து, குழியிலிட்டு மென்காலணி அணிந்த கால்களால் ஆடி மிதித்து உமி நீக்கி, மரப்பட்டைத் தட்டில் புடைத்தெடுப்பார்கள். மெல்லத் தட்டும்போது முற்றாத மணிகள் தாளிலேயே தங்கிவிடும். நீரில் விழுந்தவை அடுத்த ஆண்டு முளைக்கும். அறுவடையிலேயே விதைப்பும் அடங்கியிருக்கும் இந்த முறையை மாணவருக்கு விளக்கிய பிறகு, 1837-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் ஒஜிப்வே தலைவர்கள் நிலத்தை விட்டுக்கொடுத்தபோதும் வேட்டை, மீன்பிடிப்பு ஆகியவற்றோடு காட்டரிசி எடுக்கும் உரிமையை ஏன் எழுத்தில் கேட்டுப் பெற்றார்கள் என்பது எளிதில் விளங்கும்.

இவ்விரு நூல்களையும் அருகருகே வைக்கும்போது வைல்டரின் நூல்களில் உள்ள குறையும் மறைக்கப்படாமல் வெளிப்படுகிறது. இங்கல்ஸ் குடும்பம் கான்சசில் வீடு கட்டியது, குடியேற்றத்துக்கு அப்போது திறக்கப்படாத ஓசேஜ் மக்களின் நிலத்தில். 1935-இல் வந்த ‘லிட்டில் ஹவுஸ் ஆன் த ப்ரெய்ரி’ நூலில், பழங்குடியினர் வாழ்ந்த இடத்தை மனிதர் இல்லாத இடமெனச் சொன்ன ஒரு வரி, வாசகர் சுட்டிக்காட்டிய பிறகு, 1953-ஆம் ஆண்டுப் பதிப்பில் குடியேறியவர் இல்லாத இடமென மாற்றப்பட்டது. அமெரிக்க நூலகச் சங்கத்தின் சிறுவர் நூலகப் பிரிவு, வைல்டரின் பெயரால் வழங்கிவந்த விருதின் பெயரை 2018-இல் மாற்றியது. இவற்றைக் காரணங்காட்டி நூல்களையே ஒதுக்கிவிடும் ஆசிரியரும், இவற்றைச் சொல்லாமல் வெண்ணெய் மட்டும் கடைந்துகாட்டும் ஆசிரியரும் மாணவருக்குப் பாதியைத்தான் தருகிறார்கள்.

ஆர்வம் பாடமாகும் வழி

இத்தகைய பாடத்துக்குப் பெரிய சமையலறை வேண்டியதில்லை. வெண்ணெய்க்கு அடுப்பே வேண்டாம். கோதுமையை அரைக்க ஓர் அரைவை போதும். சாம்பல் நீர் கையைப் புண்ணாக்கும் என்பதால் அதை மாணவரிடம் விடாமல் விளக்கத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். பாலும் கோதுமையும் ஒவ்வாத பிள்ளைகளை முன்கூட்டியே அறிந்துவைப்பதும், தீயருகே பெரியவர் ஒருவர் நிற்பதும் கட்டாயம். நூலின் உரிய பகுதியைச் சமைக்கும் முன்னும் பின்னுமாக இருமுறை வாசிக்கவைப்பது மிகவும் பயன்தரும். முதல் வாசிப்பில் கடந்துபோன சொற்கள், குறிப்பாகக் கருவிகளின் பெயர்களும் நேரத்தைக் குறிக்கும் சொற்களும், இரண்டாம் வாசிப்பில் எடை கூடி நிற்கும்.

எந்த நூலை எடுத்தாலும், எந்தப் பண்டத்தைச் செய்தாலும், நான்கு கேள்விகளை மாணவர் விடாமல் கேட்கப் பழக வேண்டும்: இதைச் செய்தவர் யார், இந்தப் பொருள் எங்கிருந்து வந்தது, செய்யும் முறையை யார் யாரிடம் கற்றார்கள், மேசையில் இடம் பெறாதவர் யார். முதல் மூன்றுக்கும் விடைகாணச் சமையல் பெரிதும் உதவும். நான்காவதுக்கு இன்னொரு நூல் வேண்டும். அந்த இன்னொரு நூலைத் தேடி வகுப்புக்குக் கொண்டுவரும்போதுதான், நூல்களின் மீதும் பழைய உணவின் மீதும் ஆசிரியர் வைத்திருக்கும் காதல் மாணவருக்குக் கல்வியாக முழுமை பெறுகிறது.